பக்கத்து இருக்கை காலியான பிறகு

வாசகர் கடிதம்:

"எனக்கு 61 வயது. 1987-ல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தேன். அன்று முதல் ஈஸ்ட் ஹாமில்தான் குடியிருக்கிறேன். பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்த காலத்தில், என்னோடு வேலை செய்த ஓர் ஆங்கிலேயர் என்னை வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். ஊரில் எங்கள் விளையாட்டுக் கழகத்துக்காகப் பந்தடித்தவன் நான். முதல் நாளே மனம் ஒட்டிக்கொண்டது. 1999 முதல் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறேன். 2005-ல், மகளுக்கு எட்டு வயதானபோது, பக்கத்து இருக்கையை அவளுக்காக எடுத்தேன். 2003-ல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினோம், விடவில்லை. 2011-ல் மறுபடியும் இறங்கினோம், விடவில்லை. 2016-ல் மைதானமே மாறியது, அங்கேயும் போனோம்.

இப்போது மகள் லீட்ஸில் வேலை செய்கிறாள். போன பருவத்தில் சொந்த மைதானத்தில் நடந்த 19 லீக் ஆட்டங்களில் நான்குக்குத்தான் வந்தாள். எனக்கு முழங்கால் தேய்மானம். நானே ஐந்து ஆட்டங்களுக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். 'இரண்டு டிக்கெட் காசில் இரண்டு பேரும் ஊருக்குப் போய்வரலாம். ஆறு வருடமாக நம் திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை' என்கிறாள் மனைவி. எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் ஐந்தாம் திருவிழா எங்கள் குடும்ப உபயம். நான் காசு அனுப்புகிறேன், தம்பி நின்று செய்கிறார். மகளின் டிக்கெட்டைப் புதுப்பித்து ஆட்டத்துக்கு ஆட்டம் தெரிந்தவர்களுக்கு விற்றால் போட்ட காசு வந்துவிடும் என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

எங்கள் வரிசையில் ஒரு பெரியவர் இருக்கிறார். பழைய மைதானத்திலிருந்தே பழக்கம். 60-வது நிமிடம் ஆனால் வரிசை முழுக்கப் புதினா மிட்டாய் கொடுப்பார். என் பெயரை இன்றுவரை சரியாகச் சொல்ல வராது. என் அம்மா ஊரில் காலமானபோது நான் இரண்டு ஆட்டங்களுக்குப் போகவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் அவர் ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்து பத்து நாளாகிறது. விட்டால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. 26 வருட விசுவாசத்தை இப்படியே கைகழுவுவதா? நான் துரோகியா, அல்லது இத்தனை காலம் முட்டாளாக இருந்தேனா?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈஸ்ட் ஹாம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சொல். "2003-ல் இறங்கினோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அணி இறங்கியது என்று எழுதவில்லை. அந்தப் பருவத்தில் வெஸ்ட் ஹாம் 42 புள்ளிகள் எடுத்தும் மேல் பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்து வெளியே போனது. அத்தனை புள்ளிகள் எடுத்த பிறகும் இறங்குவது மிக அரிது. வயிற்றெரிச்சலில் "அவர்கள் கெடுத்துவிட்டார்கள்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, "இறங்கினோம்" என்கிறீர்கள்.

ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவும் 1976-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. பல்கலைக்கழக மாணவர்களிடம் தங்கள் அணியின் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். அணி வென்றிருந்தால் "நாங்கள் வென்றோம்" என்று சொல்வது கூடியது. தோற்றிருந்தால் அந்த "நாங்கள்" குறைந்தது. வெற்றிக்கு அடுத்த நாள்களில் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த உடையை அணிவோரும் கூடினார்கள். மனித இயல்பு அது. யாரையும் குறை சொல்ல முடியாது. தோல்வியிலும் தன்னை விலக்கிக்கொள்ளாமல் பேசுகிற ஒருவர் என்னிடம் வந்து "நான் துரோகியா" என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு நான் அதிக நேரம் செலவழிக்க மாட்டேன். நீங்கள் துரோகி இல்லை. டிக்கெட்டைப் புதுப்பித்தாலும் இல்லை, விட்டாலும் இல்லை.

முட்டாளா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் உங்கள் அணியின் டி கானியோ காற்றில் எழும்பி அடித்த அந்தக் கோலை நேரில் பார்த்தீர்களோ என்னவோ, எழுதவில்லை. சீசன் டிக்கெட் எடுத்த முதல் பருவம் அது என்பதால் பார்த்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். 2005-ல் மகளை முதன்முதலாக அழைத்துப் போன அந்த ஆண்டில்தான் அணி மேல் பிரிவுக்குத் திரும்பியது. அடுத்த மே மாதம் கார்டிஃபில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். 3-2 என்று முன்னிலையில் இருந்த அணி கடைசி நேரத்தில் லிவர்பூலின் ஜெரார்டிடம் ஒரு கோல் வாங்கி, பெனால்டியில் தோற்றது. அன்று ஒரு ஒன்பது வயதுக் குழந்தை அழுதிருந்தால் அதைத் தேற்றியவர் நீங்கள். 2023 ஜூனில் பிராக் நகரில் நடந்த ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் உங்கள் அணியின் போவன் 90-வது நிமிடத்தில் ஓடிப்போய் அடித்தபோது, 1980-க்குப் பிறகு முதல் பெரிய கோப்பை வந்தது. அன்று அதே பெண் 26 வயதில் உங்கள் பக்கத்தில் இருந்திருப்பாள், இல்லாவிட்டால் தொலைபேசியிலாவது இருந்திருப்பாள். அப்பாவும் மகளும் சேர்ந்து செலவழித்த சனிக்கிழமைகளுக்குக் கொடுத்த காசை வீண் என்று எழுத எனக்குக் கை வராது. குடும்பங்களோடு பேசுவதே என் தொழில். பிள்ளையோடு இருபது ஆண்டுகள் தொடர்ந்து ஒரே காரியத்தைச் செய்த தந்தையரை நான் அதிகம் பார்த்ததில்லை.

உங்களை வாட்டுவது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நீங்கள் 1987-ல் ஊரை விட்டு வந்தீர்கள். அந்த ஆண்டில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர் யாரும் யோசித்து, நாள் பார்த்து, விடைபெற்று வந்திருக்க மாட்டார். வந்த இடத்தில் ஒரு மைதானம் கிடைத்தது. அப்டன் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி, கிரீன் ஸ்ட்ரீட்டில் புடைவைக் கடைகளையும் காய்கறிக் கடைகளையும் கடந்து நடந்தால் வந்துவிடும் மைதானம். ஊரில் கழகத்துக்குப் பந்தடித்த ஒருவருக்கு, அது தெருமுனையிலேயே கிடைத்த இன்னொரு ஊர்க் கழகம். கப்பல் கட்டும் இரும்பாலைத் தொழிலாளர்கள் 1895-ல் தொடங்கிய அணி. 1904 முதல் அங்கேயே ஆடியது. 1966 உலகக் கோப்பையைக் கையில் வாங்கிய பாபி மூர் அங்கே ஆடியவர். அந்த மைதானமும் 2016 மே 10-ஆம் தேதி மான்செஸ்டர் யுனைட்டெட்டை 3-2 என்று வென்றதோடு முடிந்தது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ஆட்டம் ஸ்ட்ராட்ஃபோர்டில், ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய பெரிய மைதானத்துக்குப் போய்விட்டது. ஆக, இரண்டு முறை உங்கள் கையில் இல்லாத காரணத்தால் உங்கள் இடம் போயிருக்கிறது.

ஊரை விட்டு வந்தவர்களோடு பல ஆண்டுகளாகப் பேசிவருகிறேன். கட்டாயத்தால் ஒரு முறை இடத்தை இழந்தவர்கள், தாமாக விடவேண்டிய சின்ன இடத்தைக்கூட விடத் தயங்குவார்கள். விற்றுவிட்ட வீட்டின் சாவியை வைத்திருப்பார்கள். மூடிய வங்கிக் கணக்கின் புத்தகத்தை வைத்திருப்பார்கள். மற்றவர்கள் அதைப் பிடிவாதம் என்பார்கள். "இந்த முறை நானாக விடவேண்டுமா?" என்ற நடுக்கமாகவே எனக்கு அது தெரிகிறது. நீங்கள் அந்த மின்னஞ்சலைப் பத்து நாளாகத் திறந்து திறந்து மூடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்திலேயே இதற்குப் பதிலும் இருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த உபயம். ஆறு ஆண்டுகளாக ஐந்தாம் திருவிழாவுக்கு நீங்கள் போகவில்லை. காசு போகிறது. விரலில் பவித்திரம் போட்டுக்கொண்டு சங்கற்பத்துக்கு உட்காருபவர் தம்பி. சாமி உள்வீதி சுற்றி வெளியே வரும்போது நீங்கள் இங்கே வேலையில் இருப்பீர்கள். பிறகு தொலைபேசியில் வீடியோவைப் பார்ப்பீர்கள். அதற்காக ஊரில் யாராவது உங்களைத் துரோகி என்றார்களா? நீங்களே உங்களை அப்படி நினைத்தீர்களா? இல்லை. அது உங்கள் திருவிழா என்பதில் உங்களுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. 38 ஆண்டுகளாக ஊரில் இல்லாமலேயே ஊர்க்காரராக இருக்கிறீர்கள். நேரில் போகாமலும் ஒன்றுக்கு உரியவராக இருப்பது எப்படி என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே சமயம், நேரில் போகாமல் இருப்பது எத்தனை வலிக்கும் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். அதனால் "விசுவாசம் மனத்தில் இருந்தால் போதும், டிக்கெட்டை விட்டுவிடுங்கள்" என்று நான் எளிதாகச் சொல்லிவிட்டு நகர மாட்டேன். இருக்கை என்பது வெறும் பிளாஸ்டிக் இல்லை. அந்தப் பெரியவர் உங்கள் கையைப் பிடித்தது அங்கேதான்.

இப்போது டிக்கெட்டைப் பற்றி. இதில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். சீசன் டிக்கெட் ஓர் ஆண்டுக்கான ஒப்பந்தம். இத்தனை ஆட்டங்களுக்கு இந்த இருக்கையில் உட்காரலாம் என்ற அனுமதி. 26 முறை காசு கொடுத்தீர்கள், 26 முறை கழகம் ஆட்டம் காட்டியது. அந்தக் கணக்கு ஒவ்வொரு மே மாதமும் தீர்ந்துவிட்டது. யாருக்கும் யாரும் பாக்கி இல்லை. 27-வது ஆண்டுக்கான காசை முதல் 26 ஆண்டுகளுக்கான கடனாக நினைத்துக் கட்ட வேண்டாம்.

கழகத்தின் பக்கமும் சொல்லவேண்டும். கடையில் அரிசி விலை ஏறினால் அடுத்த கடைக்குப் போவோம். கால்பந்தில் அடுத்த கடை கிடையாது. வெஸ்ட் ஹாம் டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை என்று யாரும் பரம எதிரியான மில்வால் அணிக்கு மாறுவதில்லை. இது எல்லாக் கழகங்களுக்கும் தெரியும். "விட்டால் திரும்பக் கிடைக்காது" என்ற பயமும், காத்திருப்போர் பட்டியலும், குறிப்பிட்ட தேதிக்குள் புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சலும் அந்த அறிவின் மேல் நிற்பவை. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனாலும் முடிவை அது எடுக்கக் கூடாது.

ரசிகருக்குப் பலமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். பிரீமியர் லீக்கின் உள்நாட்டுத் தொலைக்காட்சி உரிமை 2025-26 முதல் நான்கு பருவங்களுக்கு 670 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டது. அந்தப் பெரும்பணத்துக்கு முன்னால் ஒருவருடைய சீசன் டிக்கெட் தூசு என்று தோன்றும். ஆனால் 2020 ஜூனில், கொரோனா காலத்தில், ஆளில்லாத மைதானங்களில் ஆட்டம் மறுபடி தொடங்கியபோது தொலைக்காட்சிகள் என்ன செய்தன? பதிவுசெய்த கூட்டத்தின் இரைச்சலைச் சேர்த்து ஒளிபரப்பின. உங்களைப் போன்றவர்களின் தொண்டை இல்லாமல் அந்த ஆட்டத்தை விற்கவே முடியவில்லை.

லிவர்பூல் ரசிகர்கள் 2016 பிப்ரவரி 6-ஆம் தேதி செய்ததையும் நினைவூட்டுகிறேன். டிக்கெட் விலையை 77 பவுண்ட் வரை ஏற்றும் திட்டம் வந்தது. சண்டர்லாந்துடன் ஆட்டம், அணி 2-0 என்று முன்னிலை. 77-வது நிமிடம் வந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து வெளியே போனார்கள். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டார்கள். எழுந்து போனவர்களை யாராவது துரோகிகள் என்பார்களா? லண்டனின் விம்பிள்டன் கால்பந்துக் கழகத்தை வேறு ஊரான மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக 2002-ல் அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் அதன் பின்னால் போக மறுத்துத் தாங்களே ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினார்கள். லீக் அடுக்குகளில் ஒன்பதாம் படியில் தொடங்கி 2011-ல் கால்பந்து லீக்கில் இடம் பிடித்தார்கள். 2020-ல் தங்கள் பழைய பிளவ் லேன் பகுதிக்கே திரும்பி வந்தார்கள். அவர்கள் புதுப்பிக்காமல் விட்ட சீசன் டிக்கெட்டுகளை நினைத்துப் பாருங்கள்.

இனி உங்கள் முழங்கால். "காசு கட்டிவிட்டால் எப்படியும் போய்விடுவேன்" என்று பலர் சொல்வார்கள். நீங்களும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருக்கலாம். அமெரிக்காவில் ஓஹியோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்கியவர்களை வைத்தே ஆர்க்ஸ், புளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். 1985-ல் வெளிவந்தது. சிலருக்கு முழு விலையில் டிக்கெட் கொடுத்தார்கள். சிலருக்கு, அவர்கள் எதிர்பாராமலே, விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. காசு கட்டிய உறுத்தல் சில மாதங்களுக்குத்தான் ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். ஆகஸ்டில் அது உங்களை எழுப்பிவிடும். பிப்ரவரி மாத இரவு எட்டு மணி ஆட்டத்துக்கு, ஸ்ட்ராட்ஃபோர்ட் நிலையத்திலிருந்து அந்த நீண்ட நடை நடந்து, படி ஏறி, திரும்பி வரும் வழியில் நிலையத்துக்கு வெளியே கூட்டத்தில் நிற்க அது போதாது. அதற்கு ஆசை வேண்டும், கொஞ்சம் உடம்பும் வேண்டும்.

நீங்கள் போன பருவத்தில் 14 ஆட்டங்களுக்குப் போயிருக்கிறீர்கள், வலியோடு. அந்த ஆசை உங்களுக்கு இருக்கிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

மகளின் கணக்கு வேறு. 19-ல் நான்கு.

உங்கள் கடிதத்தில் மனைவி பேசுகிறார், நண்பர் பேசுகிறார், பெயர் சொல்ல வராத பெரியவர்கூட வருகிறார். மகள் என்ன சொல்கிறாள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. நீங்கள் அவளிடம் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன். கேட்டால் "வேண்டாம் அப்பா" என்று சொல்லிவிடுவாளோ என்ற அச்சம். அந்த இருக்கையைப் புதுப்பித்து வைத்திருக்கும்வரை அவள் இன்னும் பக்கத்தில் இருப்பதுபோல ஓர் ஆறுதல். நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் இது சரியில்லை.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தந்தை, வேறு நகரத்தில் படிக்கப்போன மகனுக்காக மூன்று ஆண்டுகள் இப்படி ஓர் இருக்கையை வைத்திருந்தார். மகன் பரீட்சை நேரத்திலும் மூன்று மணி நேரம் ரயிலில் வந்து போனான். தனியாகப் பேசியபோது மகன் சொன்னான்: "எனக்கு ஆட்டத்தில் அத்தனை ஈடுபாடு இல்லை. அப்பா தனியாக உட்கார்ந்திருப்பார் என்றுதான் வருகிறேன்." தந்தை சொன்னது: "எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது. அவன் ஆசைப்படுகிறானே என்றுதான் கட்டுகிறேன்." இருவரும் ஒருவருக்காக ஒருவர் பொய்யாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகள் அணியை உயிராக நேசிக்கலாம். ஆனால் கேட்டால்தானே தெரியும்? இந்த வாரமே கேளுங்கள். "டிக்கெட்டைப் புதுப்பிக்கட்டுமா?" என்று கேட்காதீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்து "சரி" என்று சொல்லிவிடுவாள். "வருகிற ஆண்டு நாம் இரண்டு பேரும் எத்தனை ஆட்டம் சேர்ந்து பார்க்கலாம், எங்கே பார்க்கலாம்?" என்று கேளுங்கள்.

அவள் என்ன சொன்னாலும், என் ஆலோசனை இது. உங்கள் டிக்கெட்டை இன்னும் ஓர் ஆண்டுக்குப் புதுப்பியுங்கள். அவள் டிக்கெட்டை விட்டுவிடுங்கள்.

உங்களுடையதை வைத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் ஓய்வுதான். செலவைக் குறைக்க வேண்டிய நேரத்தில் இப்படிச் சொல்கிறேனே என்று உங்கள் மனைவிக்கு வருத்தம் வரலாம். அவர் மன்னிக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க வேலை செய்த ஆண்கள் ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் எப்படித் தடுமாறுகிறார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். காலையில் போக இடம் இருக்காது, பேச ஆள் இருக்காது. அந்த ஆண்டிலேயே மனிதர்கள் நிறைந்த ஒரு வரிசையையும் கையை விட்டுவிடுவது நல்லதல்ல. முதலில் ஓய்வு பழகட்டும். ஓர் ஆண்டு முழுக்க எத்தனை ஆட்டங்களுக்குப் போகிறீர்கள் என்று நாட்காட்டியில் குறித்து வாருங்கள். பத்துக்குக் குறைந்தால் அடுத்த மே மாதம் உங்களுக்கே பதில் தெரிந்திருக்கும். அப்போது விடுவது இத்தனை வலிக்காது, ஏனென்றால் அந்த முடிவு உங்களுடையதாக இருக்கும்.

புதுப்பிக்கும்போது இருக்கையை மாற்றிக் கேளுங்கள். பெரும்பாலான கழகங்கள் இந்த நேரத்தில் இருக்கை மாற அனுமதிக்கும். அதே பகுதியில் குறைந்த படிகள் உள்ள வரிசை, நடைபாதையை ஒட்டிய இருக்கை, காலை நீட்ட இடம். டிக்கெட் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி முழங்காலைப் பற்றிச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். அந்தப் பெரியவரின் வரிசையை விட்டு அதிகம் விலகாமல் கிடைத்தால் மிக நல்லது. மூத்தோர் சலுகை எந்த வயதில், எந்தப் பகுதிகளுக்கு என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அது கழகத்துக்குக் கழகம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். குறைந்தபட்சம் இத்தனை ஆட்டங்களுக்கு வரவேண்டும் என்ற விதி பல கழகங்களில் வந்துவிட்டது. போக முடியாத ஆட்டத்துக்கு டிக்கெட்டைக் கழகத்தின் வழியாகவே திருப்பிக் கொடுக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தவணையில் கட்டுவதாக இருந்தால், அது பெரும்பாலும் வெளி நிதி நிறுவனத்தின் கடன் என்பதை மனத்தில் வைத்து வட்டியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

நண்பர் சொன்ன யோசனை வேண்டவே வேண்டாம். இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியில்லாமல் விற்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கச்சேரி டிக்கெட்டுக்கும் நாடக டிக்கெட்டுக்கும் இல்லாத கடுமை இதற்கு உண்டு. தெரிந்த பையனுக்கு வாங்கிய விலைக்கே கொடுத்தாலும் கழகத்துக்குத் தெரிந்தால் உங்கள் டிக்கெட்டும் சேர்ந்து போகும். 26 ஆண்டு நல்ல பெயரை அப்படி இழக்காதீர்கள்.

மகளோடு பார்க்கும் ஆட்டங்களை என்ன செய்வது? அவள் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். லீட்ஸிலிருந்து மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் நியூகாசிலுக்கும் நேரடி ரயில் உண்டு. வெஸ்ட் ஹாம் அங்கெல்லாம் ஆடப் போகும். பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட் 2016-17 பருவம் முதல் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. அதுவும் ரசிகர்கள் போராடிப் பெற்றதுதான். இந்த டிக்கெட்டுகளில் சீசன் டிக்கெட் வைத்திருக்கும் பழைய ரசிகர்களுக்கு முன்னுரிமை தருவது பெரும்பாலான கழகங்களின் வழக்கம். உங்களுடையதை வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். அவளுக்கும் டிக்கெட் கிடைக்க எந்த உறுப்பினர் அட்டை வேண்டும் என்பதை அதே தொலைபேசி அழைப்பில் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை நீங்களும் மனைவியும் லீட்ஸுக்குப் போய் மகள் வீட்டில் தங்குங்கள். சனிக்கிழமை அவளோடு ஆட்டத்துக்குப் போங்கள். இருபது ஆண்டுகளாக நீங்கள் அவளை அழைத்துப் போனீர்கள். இனி அவள் ரயில் பார்த்து, வழி பார்த்து உங்களை அழைத்துப் போகட்டும். ஓர் ஆண்டில் இப்படி மூன்று ஆட்டங்கள் அமைந்தால்கூட, போன பருவத்தில் சேர்ந்து பார்த்த நான்குக்கு அது குறைவில்லை.

மகளின் டிக்கெட்டில் மிச்சமாகும் பணத்தை உங்கள் மனைவியின் கையில் கொடுங்கள். அவர் கேட்டது நியாயமானது. இரண்டு பேரின் பயணத்துக்கு அது போதாமல் போகலாம். மீதியைச் சேர்த்துப் போடுங்கள், அதற்காக அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கோயில் திருவிழா எந்த மாதம் என்று எழுதவில்லை. ஆனியிலோ ஆடியிலோ வந்தால் ஆட்டப் பருவத்தோடு மோதாது. மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உங்களுக்கு ஓய்வுதான். வேறு மாதத்தில் வந்தால் இரண்டு ஆட்டங்கள் போனால் போகட்டும். தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து இந்த முறை நீங்கள் பவித்திரம் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், கடைசிக்கு வந்துவிட்டது. அந்தப் பெரியவருடைய தொலைபேசி எண் உங்களிடம் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. மைதானத்தில் வருடக்கணக்காகத் தோளோடு தோள் உட்கார்ந்தவர்கள் வீட்டு முகவரியோ முழுப் பெயரோ தெரியாமல் பிரிந்து போவதைக் கேட்டிருக்கிறேன். ஓர் ஆகஸ்டில் இருக்கை காலியாக இருக்கும்; என்ன ஆயிற்று என்று கேட்கக்கூட வழியிருக்காது. அவருக்கு வயதாகிறது. அவரும் இதே மின்னஞ்சலை வைத்துக்கொண்டு உங்களைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கலாம். இந்தப் பருவத்தில் சொந்த மைதானத்தில் இன்னும் ஆட்டங்கள் மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறேன். 60-வது நிமிடத்தில் மிட்டாய் வரும்போது உங்கள் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அவருடையதையும் வாங்கிக்கொள்ளுங்கள். பெயரை அவர் சரியாகச் சொல்லும்வரை இரண்டு முறை சொல்லிக் காட்டுங்கள்.

மகள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.